மூன்றில் ஒன்றா, நான்கில் ஒன்றா? அட்டைத் துண்டுகளால் பின்னம் ஒப்பிடுவோம்

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மாலையில் படிக்க வரும் குழந்தைகளிடம் “1/3 பெரிதா, 1/4 பெரிதா?” என்று கேட்டால், பலரும் 1/4 என்றே சொல்வார்கள். மூன்றைவிட நான்கு பெரிது அல்லவா? அவர்களுக்கு எண் தெரிகிறது, துண்டு தெரியவில்லை. ஆகவே குறுக்குப் பெருக்கலுக்கு இப்போது அவசரமே வேண்டாம்.

பழைய காலண்டர் அட்டை, அளவுகோல், கத்தரிக்கோல் போதும்.

1. 24 செ.மீ. நீளத்தில், ஒரே அகலத்தில் ஆறு பட்டைகள் வெட்டுங்கள். நீளத்தை மாற்றிவிடாதீர்கள், 24 மட்டும்தான் 2, 3, 4, 6, 8 எல்லாவற்றுக்கும் மீதியின்றி வளைந்துகொடுக்கும் மிகச் சிறிய எண்.

2. ஒரு பட்டையை முழுதாக வைத்துக்கொண்டு, மற்ற ஐந்தையும் முறையே 12, 8, 6, 4, 3 செ.மீ. துண்டுகளாக்கி 1/2, 1/3, 1/4, 1/6, 1/8 என எழுதுங்கள். குழந்தையே அளந்து வெட்டட்டும். பங்கு கூடக் கூடத் துண்டு சிறுப்பதை அந்தக் கையே கண்டுகொள்ளும். இந்தப் படியை நீங்கள் செய்து கொடுத்தால் பாடத்தில் பாதி போய்விடும்.

3. 1/3, 1/4 துண்டுகளை இடது ஓரம் சேர்த்து ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள். விடையைக் குழந்தை சொல்லும்வரை காத்திருங்கள். பிறகு 1/4 துண்டின்மேல் இரண்டு 1/8 துண்டுகளை அடுக்கி, அவற்றில் ஒன்றைக் காட்டி, “இதற்கு நம் பாட்டிமார் வைத்த பெயர் அரைக்கால்” என்று சொல்லுங்கள். காலில் அரை: பெயருக்குள்ளேயே கணக்கு இருக்கிறது!

4. அடுத்து 2/3, 3/4. அதன்பின் 5/6, 7/8. கடைசி இரண்டையும் முழுப் பட்டையின்மேல் வைத்து, மூடாமல் கிடக்கும் இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் 1/6 காலி, மற்றதில் 1/8 காலி. காலியிடம் சிறிதானால் பின்னம் பெரிது.

5. முழுப்பொருள் ஒன்றாக இல்லாவிட்டால் ஒப்பீடு செல்லாது. நம் ஊர்த் தட்டுவடையில் பாதியையும் பெரிய அப்பளத்தில் காலையும் அருகருகே வையுங்கள். கால்தான் பெரிதாக இருக்கும். ஏற்காட்டு ஆரஞ்சைப் பலர் இதற்கு எடுப்பார்கள். வேண்டாம், சுளைகள் ஒரே அளவில் இருப்பதில்லை.

கடைசியாக, 3/8, 1/3 இரண்டையும் துண்டைத் தொடாமல் ஊகிக்கச் சொல்லிவிட்டு, பிறகு அடுக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் ஒரே ஒரு செ.மீ.