விசுவாசமும் விடுதலையும்: ஞாயிறு பள்ளிப் பாடத்தை ஆயத்தப்படுத்துவது எப்படி?

"அடிமைத்தனத்திலிருந்து விடுதலை" என்ற பாடம் கைக்கு வந்தால், புதிதாக வகுப்பெடுக்கிறவர்கள் பலர் எகிப்தில் இஸ்ரவேல் ஜனங்கள் செங்கல் அறுக்கும் அடிமைகளாயிருந்ததைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிட்டு நேரே "பாவம்தான் நம் அடிமைத்தனம்" என்று போய்விடுகிறார்கள். அது உண்மைதான். ஆனால் செங்கல்லின் பாரம் தெரியாத பிள்ளைக்கு மீட்பின் அருமை எப்படித் தெரியும்? ஜூனியர் வகுப்புக்கு, 40 நிமிடத்துக்கு ஏற்றபடி கீழே எழுதியிருக்கிறேன்.

படி 1: பகுதியைக் குறுக்குங்கள்

அந்த விடுதலையைச் சொல்லும் வேதாகமப் புத்தகமான யாத்திராகமத்தில் 5, 14 ஆகிய இரண்டு அதிகாரங்கள் போதும்; படி 3க்கு மட்டும் 4:31, 6:9 வசனங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எகிப்தின்மேல் வந்த பத்து வாதைகளும், விடுதலை இரவின் பஸ்கா பண்டிகையும் தனிப் பாடங்களுக்கு உரியவை. சனி இரவுவரை தள்ளிப்போடாமல் வியாழக்கிழமையே அந்த இரண்டு அதிகாரங்களையும் சத்தமாக வாசித்துவிடுங்கள்.

படி 2: கையில் களிமண் கொடுங்கள்

ஐந்தாம் அதிகாரத்தில் எகிப்தின் ராஜாவான பார்வோன் கட்டளையிடுகிறான்: இனி வைக்கோல் கொடுக்கக் கூடாது, அவர்களே தேடிக்கொள்ள வேண்டும், செங்கல் கணக்கு மட்டும் குறையக் கூடாது. இதை விளக்குவதைவிடச் செய்ய வைப்பது நல்லது. களிமண்ணும் நறுக்கிய வைக்கோலும் கொடுத்து ஆளுக்கு மூன்று சின்னச் செங்கல் செய்யச் சொல்லுங்கள். அடுத்த சுற்றில் வைக்கோலை எடுத்துவிட்டு, "காய்ந்த புல்லை நீங்களே பொறுக்கி வாருங்கள், அதே நேரத்தில் அதே மூன்று" என்று சொல்லுங்கள். "இது எப்படி டீச்சர் முடியும்?" என்று ஒரு பிள்ளை கேட்கும். அந்த இடத்தில் வேதாகமத்தைத் திறங்கள்.

ஒருவர் கையைக் கட்டுவது, ஒருவரைப் பிரம்போடு நிறுத்துவது போன்ற நடிப்பு வேண்டவே வேண்டாம். அடிமையாக நின்ற பிள்ளைக்குப் பாடம் மறந்துபோகும், பட்ட அவமானம் மறக்காது.

படி 3: கரும்பலகையில் ஒரு கோடு

இந்தப் பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது, நேரத்தைத் தாராளமாகக் கொடுங்கள். ஜனங்களின் விசுவாசம் ஏறி இறங்குவதைக் காட்ட ஒரு கோடு இழுங்கள். யாத்திராகமம் 4:31இல் ஜனங்கள் விசுவாசித்தார்கள். கோட்டை மேலே ஏற்றுங்கள். 6:9இல் வேலையின் கொடுமையால் மனம் மடிந்து, தங்களை நடத்த வந்த மோசே சொன்னதைக் கேட்கவும் முடியவில்லை, கீழே இறக்குங்கள். 14:11இல் முன்னே கடல், பின்னே பார்வோனின் ரதங்கள், "எகிப்தில் கல்லறை இல்லையென்றா எங்களை இங்கே கூட்டிவந்தீர்?" என்ற பொருளில் மோசேயிடம் முறையிடுகிறார்கள். கோடு இன்னும் கீழே. கடல் பிளந்து அவர்கள் கடந்துபோனபின், 14:31இல் மறுபடியும் மேலே.

இப்போது கேளுங்கள்: "யாருக்காகக் கடல் பிளந்தது?" பயந்து முணுமுணுத்த அதே ஜனங்களுக்காக. விசுவாசம் என்றால் பயமே இல்லாதிருப்பது என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பரீட்சைக்கு முன் வயிறு கலங்கினால் தங்களுக்கு விசுவாசமே இல்லை என்று வருந்துகிறார்கள். பயத்தோடும் காலை எடுத்து வைத்த அந்த நடையைத்தான் எபிரெயர் 11:29 விசுவாசம் என்கிறது.

இன்னொன்றையும் விடாதீர்கள். படங்களில் வருவதுபோலக் கடல் ஒரே நொடியில் பிளக்கவில்லை. இரவு முழுதும் பலத்த கீழ்காற்று அடித்தது என்று 14:21 சொல்கிறது. அந்த இருட்டில் அவர்கள் காத்திருந்தார்கள்.

படி 4: கடினமான கேள்விகள்

"எகிப்தியர் எல்லாரும் செத்துப்போனார்களா?" என்று கட்டாயம் கேட்பார்கள். பின்தொடர்ந்த சேனை மூழ்கியது என்று நேராகச் சொல்லுங்கள். அதைக் கைதட்டும் காட்சியாக்க வேண்டாம்.

"இப்போதும் அடிமைகள் உண்டா?" என்ற கேள்வியும் வரலாம். நம் நாட்டில் கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனாலும் முன்பணம் வாங்கிவிட்டுச் சூளையை விட்டு வெளியேற முடியாத குடும்பங்கள் இன்னும் மீட்கப்படுகின்றன. உங்கள் வகுப்பிலேயே செங்கல் சூளைத் தொழிலாளியின் பிள்ளை இருக்கலாம். அந்தப் பிள்ளையின் பக்கம் பார்க்காமல், எல்லாருக்கும் பொதுவாகப் பேசுங்கள்.

படி 5: மனன வசனம்

"கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார், நீங்கள் சும்மாயிருப்பீர்கள்." யாத்திராகமம் 14:14. சின்ன வசனம், வகுப்பிலேயே மனப்பாடமாகிவிடும். அடுத்த வசனத்தில் "புறப்பட்டுப் போங்கள்" என்று வருவதையும் சேர்த்துக் காட்டுங்கள்.

படி 6: வீட்டுக்கு ஒரு வேலை

உபாகமம் 5:14, 15ஐ வாசித்து முடியுங்கள். நீ அடிமையாயிருந்ததை நினைத்து, உன் வேலைக்காரனும் உன்னைப் போல இளைப்பாற விடு என்கிறது அந்தப் பகுதி. வீட்டில் ஓய்வே கிடைக்காதவர் யார் என்று கேளுங்கள். பெரும்பாலும் "அம்மா" என்பார்கள். அன்று மதியம் பாத்திரம் கழுவுவதோ தண்ணீர் பிடிப்பதோ, அவருடைய வேலையில் ஒன்றைப் பிள்ளை செய்ய வேண்டும். அடுத்த ஞாயிறு வகுப்பை அதை விசாரித்துத் தொடங்குங்கள்.