ஏலகிரி ஏற மறுத்த கார்: கன்வெர்ட்டர் விஷயத்தில் செய்யக்கூடாதவை

ஏலகிரி மலைக்கு 14 கொண்டை ஊசி வளைவு. போன சித்திரையில் என் பழைய பெட்ரோல் கார் நான்காவது வளைவிலேயே திணற ஆரம்பித்தது. முதல் கியரில் ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தும் இன்ஜின் 3,000 சுற்றைத் தாண்டவில்லை. ஓரம்கட்டி இறங்கினால், அடியில் தோசைக்கல் மாதிரி அனல். அழுகின முட்டை நாற்றம் வேறு. 'வேலூர் வெயிலுக்கு எந்த வண்டிதான் சூடாகாது' என்று வீட்டில் சமாளித்தேன். அந்தச் சமாளிப்புக்கே ஒரு மாசம் போயிற்று.

அடுத்து கிளட்ச் பிளேட் மாற்றினேன். 'பிக்கப் இல்லை' என்று போய் நின்றால் பல பேருக்கு முதலில் நடப்பது இதுதான். செலவுக்கு முன்னால் இன்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டரைக் கொஞ்சம் கவனித்திருக்கலாம். கிளட்ச் போயிருந்தால் இன்ஜின் சுற்று எகிறும், வண்டி நகராது. புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் டப்பாவான கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்திருந்தால் சுற்றே ஏறாது. புகை வெளியே போக வழியில்லாதபோது புதுக் காற்று எப்படி உள்ளே வரும்?

அந்த டப்பாவுக்குள் இருப்பது தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் கட்டி. அதன் பொடித் துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் மெல்லிசாகப் பூசியிருக்கும். சூடேறிய பிறகு கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் விஷம் குறைந்ததாக மாற்றிவிடும். இதில் தேய்கிற பாகம் எதுவும் இல்லை. தானாகக் கெட்டுப்போவது அபூர்வம், பெரும்பாலும் நாம்தான் கெடுக்கிறோம்.

செக் இன்ஜின் லைட் எரியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருப்பது பழைய கார்களில் உதவாது. கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கார் தானே கண்காணிக்கும் ஏற்பாடு நம் நாட்டில் கட்டாயமானது 2013-இல்தான். அதற்கு முந்தைய பல கார்களில் கன்வெர்ட்டருக்குப் பின்னால் ஆக்சிஜன் சென்சாரே கிடையாது. லைட் எரியாமலே அது செத்துப்போகும். பின் சென்சார் உள்ள காரில் ஸ்கேனர் போட்டு பி0420 (கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற கோடு) என்று வந்தால், உடனே கன்வெர்ட்டர் வாங்க ஓடுவதும் தப்பு. சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் பைப்பில் ஒரு சின்னக் கீறல் இருந்து வெளிக்காற்று புகுந்தாலும் அதே கோடு வரலாம். வெல்டிங்கில் முடிகிற வேலைக்குப் பெரிய பணம் போய்விடும்.

அடைப்பைச் சந்தேகமில்லாமல் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டி, இன்ஜினை 2,500 சுற்றில் பிடிக்க வேண்டும். முள் 3 பிஎஸ்ஐ தாண்டினால் வழி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். இதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். கேஜ் இல்லாத ஷெட் என்றால் வேறு ஷெட்.

எனக்கு முதலில் கிடைத்த ஷெட்டில் கேஜ் இல்லை, யோசனை இருந்தது. "இன்னா சார், இதுக்குப் போய்... அத்த கழட்டி உள்ள கம்பி வுட்டுத் தட்டி எடுத்துட்டா வண்டி பறக்கும்" என்றார் மேஸ்திரி. பறக்கும், பொய் இல்லை. அடுத்த புகைச் சோதனையில்தான் மாட்டும். பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ் என்ற மாசு விதியின் நான்காம் கட்டம்) பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அதற்கு முந்தைய பிஎஸ்-2, பிஎஸ்-3 காருக்கு 0.5. வெறும் டப்பாவோடு அந்த அளவுக்குள் நிற்பது கஷ்டம். மாசு விதியை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம். 15 வருஷம் முடிந்து ஆர்.டி.ஓ. ஆபீசில் ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கப் போகும்போதும் இதே கேள்வி வரும். சட்டத்தை விடுங்கள், கிரீன் சர்க்கிள் சிக்னலில் நமக்குப் பின்னால் பைக்கில் பிள்ளையை உட்கார வைத்து நிற்பவர் மூச்சில்தான் அந்தப் புகை போகிறது. நான் வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கெடுத்தது எது என்று பார்க்காமல் புதுசை மாட்டுவது. என் காரில் மூன்றாவது சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில் பல மாதமாக விட்டு விட்டு மிஸ் ஆகிக்கொண்டிருந்தது. லேசாக உதறும், நானும் பழகிவிட்டேன். மிஸ் ஆகும் ஒவ்வொரு முறையும் எரியாத பெட்ரோல் நேராகக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. சூடு 1,000 டிகிரியைத் தாண்டினால் பூச்சு போகும், இன்னும் ஏறினால் பீங்கானே உருகி ஒட்டிக்கொள்ளும். காயிலை மாற்றாமல் புதுக் கன்வெர்ட்டர் போட்டிருந்தால் அதுவும் அதே வழியில் போயிருக்கும். இன்ஜின் ஆயில் சாப்பிடும் வண்டியா? ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் பூச்சின் மேல் படிந்து மூடிவிடும். ஹெட் கேஸ்கெட் கசிந்து கூலன்ட் எரிகிற வண்டிக்கும் இதே கதிதான்.

அம்பாசடர் காலத்துப் பழக்கம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு பிளக் ஒயராகப் பிடுங்கிப் பார்ப்பார்கள். கை தேர்ந்தவர்களின் வித்தை அது, கன்வெர்ட்டர் இல்லாத வண்டிக்குச் சரி. இப்போதைய வண்டியில் ஒயரைப் பிடுங்கிவிட்டு டீ குடித்து வந்தால், அதற்குள் எரியாத பெட்ரோல் அத்தனையும் உள்ளே இறங்கியிருக்கும். பேட்டரி இறங்கிய காரைத் தெருமுனை வரை நாலு பேர் சேர்ந்து தள்ளி ஸ்டார்ட் செய்வதும் இந்த வகையே. பக்கத்து வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போடுவது எவ்வளவோ மேல்.

பெட்ரோல் டாங்கில் தின்னர் ஊற்றினால் கன்வெர்ட்டர் சுத்தமாகும் என்று சுற்றும் வீடியோக்களைப் பற்றிச் சொல்ல ஒன்றே ஒன்றுதான்: உருகின பீங்கானை எந்தத் திரவமும் பழையபடி ஆக்காது.

ஒடுகத்தூர், அணைக்கட்டுப் பக்கம் அறுவடை நேரத்தில் கொள்ளும் கேழ்வரகும் ரோட்டில் பரப்பியிருப்பார்கள். வண்டிச் சக்கரமே அவர்களுக்குப் போர் அடிக்கும் மாடு. நல்ல நாளிலேயே கன்வெர்ட்டர் சில நூறு டிகிரியில் இருக்கும், அடைத்ததோ அதற்கு மேல். காய்ந்த தாள் அடியில் சுற்றிக்கொண்டால் தீப்பிடிக்க வேறு எதுவும் தேவையில்லை. அப்படி ஒரு ரோட்டைத் தாண்டினால் நிறுத்திக் குனிந்து பாருங்கள், கையை மட்டும் விட வேண்டாம், குச்சியால் இழுங்கள். காய்ந்த புல்மேல் நிறுத்தவும் வேண்டாம்.

புதுசு வாங்கும்போது விலை ரொம்பக் குறைவாகச் சொன்னால் சந்தேகப்படுங்கள். அந்த மூன்று உலோகமும் மலிவாகக் கிடைப்பதில்லை, விலையைக் குறைக்க வேண்டுமானால் பூச்சில்தான் கை வைக்க முடியும். செல்போன் டார்ச்சை அடித்து உள்ளே தேன்கூடு இருக்கிறதா என்றாவது பார்த்துவிடுங்கள். சில டப்பாவில் அதுவும் இருக்காது.

பழையதை ஷெட்டிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். நான் கேட்டபோது "அது எதுக்கு சார் உங்களுக்கு, வெறும் இரும்பு" என்றார்கள். வாங்கி வந்து ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம், பீங்கான் தூளாகியிருந்தது. மறுநாள் காலை தெருவில் வந்த காயலான் கடைக்காரரிடம் காட்டினேன். எடை போடாமலே, முதல் சொல்லாக ஆயிரத்தில் விலை கேட்டார்.