தக்காளியை அமுக்காதீர்கள்: உழவர் சந்தையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தக்காளிக் கூடைக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். வருகிறவர்கள் எல்லோரும் ஒரு பழத்தை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்குவார்கள். பிறகு அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். அமுக்கிய இடத்தில் அப்போது ஒன்றும் தெரியாது. ஆனால் உள்ளே சதை நசுங்கியிருக்கும். ஓரிரு நாளில் அந்த இடம் கொழகொழத்து, அங்கிருந்தே அழுக ஆரம்பிக்கும். பத்துப் பேர் அமுக்கிப் போட்ட பழம் கடைசியில் உங்கள் பையிலேயே வந்து சேரலாம்.

அமுக்கத் தேவையே இல்லை. என்றைக்குச் சமைக்கப் போகிறோம் என்று விற்கிறவரிடம் சொன்னால் போதும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவரே ஒரு தக்காளி விவசாயிதான். நான் பாட்டுக்குப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். “என்னைக்குச் சமைக்கப் போறீங்க?” என்று கேட்டார். கொஞ்சம் இன்றைக்கு, மீதி புதன்கிழமைக்கு என்றேன். நான் எடுத்ததில் பாதியைத் திரும்பக் கூடையில் போட்டுவிட்டு, காம்புப் பக்கம் இன்னும் பச்சை மாறாத நாலைந்து பழங்களை எடுத்து வைத்தார். “இது புதன்கிழமைக்கு. ஃப்ரிட்ஜுல வச்சிடாதீங்க.” சொன்ன மாதிரியே புதன்கிழமை சிவந்து நின்றன. தக்காளி பறித்த பிறகும் பழுக்கும். பழுக்காததைச் சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைத்தால் பழுப்பது தடைபடும், மணமும் போய்விடும். அவர் இதையெல்லாம் விளக்கவில்லை, காயைக் கையில் கொடுத்து அனுப்பினார், அவ்வளவுதான்.

இப்படி ஒரு ஆள் எதிரே நிற்கும்போது, சூப்பர் மார்க்கெட் அலமாரிக்கு முன்னால் நிற்பதுபோல வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு வருவதுதான், என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய தவறு.

பேச ஆரம்பிக்கிறவர்களும் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “இது ஆர்கானிக்கா?” ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிந்துவிடும் கேள்வி அது. சான்றிதழ் வாங்குவதற்குக் கட்டணம் உண்டு, பதிவேடு எழுத வேண்டும், காத்திருக்கவும் வேண்டும். தடை செய்த பொருள் எதையும் நிலத்தில் போடாமல் அமெரிக்காவில் 3 ஆண்டு கழிய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓராண்டுப் பயிர்களுக்கு 2 ஆண்டு. அதனால் மருந்தே தொடாத சின்ன விவசாயி பலரிடம் சான்றிதழ் இருக்காது. சான்றிதழ் இருந்தால் எதுவுமே தெளிக்கவில்லை என்றும் அர்த்தம் இல்லை. கந்தகம், தாமிரம் சேர்ந்த சில மருந்துகளுக்கு இயற்கை வேளாண்மை விதிகளிலேயே இடம் உண்டு.

“இந்த வருஷம் இதுக்கு என்ன பூச்சி வந்துச்சு? என்ன பண்ணீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். விளைவித்தவராக இருந்தால் புலம்பித் தீர்த்துவிடுவார். எந்த வாரம் புழு விழுந்தது, எதைத் தெளித்தார், எது கேட்கவில்லை, எத்தனை செடி போச்சு என்று எல்லாம் வரும். வேறெங்கோ மொத்தமாக வாங்கி வந்து விற்கிறவர் என்றால் பேச்சை மாற்றுவார். எல்லாப் பருவத்துக் காயும் ஒரே மேசையில் இருப்பதும், பழத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதும்கூட அடையாளம்தான். வாங்கி விற்பது குற்றம் இல்லை. சில சந்தைகளில் அதற்கு அனுமதியே உண்டு. என் தோட்டத்தில் விளைந்தது என்று சொல்லி விற்றால்தான் பிரச்சினை.

அடுத்த கேள்வி, எப்போது பறித்தது என்பது. எல்லாக் காய்க்கும் இது முக்கியமில்லை. பூசணிக்குக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் இனிப்பு மக்காச்சோளத்துக்குக் கேட்காமல் வாங்கவே கூடாது. 30 டிகிரி வெப்பத்தில் கிடந்தால் அதிலுள்ள சர்க்கரையில் சுமார் 60 சதவீதம் வரைக்கும் ஒரே நாளில் மாவுச்சத்தாகிவிடும். 0 டிகிரியில் வைத்தால் அது 6 சதவீதம் அளவுதான். நேற்றுக் காலையில் ஒடித்து வெயிலில் கிடந்ததை என்ன மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். கீரையும் அப்படித்தான், இலையிலிருந்து தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதனால் கீரைக்குச் சீக்கிரம் போங்கள். பேச்சுக்கு அது நேரம் இல்லை. பின்னால் ஆறு பேர் வரிசையில் நிற்கும்போது மண் வளத்தைப் பற்றி விசாரிக்கிறவரை யாருக்கும் பிடிக்காது. கூட்டம் குறைந்ததும் அவர்களே பேசுவார்கள். போட்டோ எடுப்பதானாலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

பேரம் பேசலாமா? நிறைய வாங்கும்போது கேட்பதில் தப்பில்லை. ஒரு கட்டுக் கீரைக்கு மல்லுக்கட்டுவதும், “கடையில இதைவிடக் கம்மியா கிடைக்குதே” என்பதும்தான் எரிச்சலைக் கிளப்பும். விலை குறைய வேண்டும் என்றால் வேறு வழி இருக்கிறது. வளைந்தது, தழும்பு விழுந்தது, சிறுத்தது எல்லாம் பெரும்பாலும் மேசைக்கு அடியில் ஒரு பெட்டியில் இருக்கும். வெட்டிக் கொதிக்க வைக்கப் போகிற காய் நேராக இருந்தால் என்ன, கோணலாக இருந்தால் என்ன? கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

கண்ணில் பட்டதையெல்லாம் முதல் கடையிலேயே வாங்கிவிடாமல் ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள். சில்லறை கொண்டுபோங்கள். பையில் உருளைக்கிழங்கு அடியில், கீரை மேலே.

அப்புறம் வீடு. இங்கேதான் நல்ல காயெல்லாம் வீணாகிறது. வந்ததும் எல்லாவற்றையும் கழுவி ஃப்ரிட்ஜில் திணித்துவிடுகிறோம். கழுவியதை ஈரம் போகாமல் அடைத்து வைத்தால் சீக்கிரம் அழுகும். வெள்ளரியை 10 டிகிரிக்குக் கீழே சில நாள் வைத்தால் தோலில் குழி விழுந்து நீர் கோத்துக்கொள்ளும். உருளைக்கிழங்கை வெளிச்சத்தில் போட்டால் பச்சையாகும். பச்சை நிறம் தன்னளவில் கெடுதல் இல்லை. ஆனால் கூடவே சொலனின் என்ற நச்சும் கூடியிருக்கும். கேரட்டின் இலையை வெட்டிவிட்டு வையுங்கள். விட்டுவைத்தால் அது கிழங்கின் ஈரத்தை உறிஞ்சி, கேரட் துவண்டுவிடும்.

வாங்கியது சரியில்லை என்றால் பலர் அந்தக் கடைப் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறார்கள். நான் ஒருமுறை வாங்கிய முள்ளங்கி உள்ளே பஞ்சாக இருந்தது. அடுத்த வாரம் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து அதை விற்றவரிடம் மெதுவாகச் சொன்னேன். கோபப்படவில்லை. எந்தப் பாத்தி என்று அவருக்குச் சட்டென்று தெரிந்தது. முற்றவிட்டுப் பிடுங்கியதாம். பேசிக்கொண்டே அன்றைக்கு வைத்திருந்ததில் ஒன்றை எடுத்துக் கத்தியால் குறுக்கே வெட்டி, உள்ளே பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.