குதிரைப் பந்தயச் சந்தையில் விலை நகர்வைக் கணித்தல்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

எந்தக் குதிரை வெல்லும் என்பது இந்தச் செய்முறைக்குத் தேவையில்லாத கேள்வி. பெட்ஃபேர் போன்ற பந்தயச் சந்தையில் ‘பேக்’ செய்பவர் குதிரை வெல்லும் என்று பணம் வைக்கிறார். ‘லே’ செய்பவர் வெல்லாது என்று அவருக்கு எதிராக நிற்கிறார். விலை 5.0 என்றால், பேக் செய்த ஒவ்வொரு பவுண்டுக்கும் குதிரை வென்றால் வைத்ததையும் சேர்த்து 5 பவுண்டு திரும்பும்; அந்த லாபத்தைக் கொடுப்பவர் லே செய்தவர், குதிரை தோற்றால் வைத்த பணம் அவருக்கு. 5.0 விலையில் 10 பவுண்டுக்குப் பேக் செய்து, ஓட்டம் தொடங்குமுன் விலை 4.8க்கு இறங்கியதும் 10.42 பவுண்டுக்கு லே செய்தால், குதிரை வென்றாலும் தோற்றாலும் கமிஷனுக்கு முன் ஏறத்தாழ 40 பென்ஸ் நம்மிடம் நிற்கும். விலை இறங்குமா, ஏறுமா என்பதை மட்டுமே நாம் கணிக்க முயல்கிறோம்.

நான் பிரிட்டனில் வசிப்பதால் அங்குள்ள குதிரை ஓட்டங்களை வைத்தே எழுதுகிறேன். இந்தியாவில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருப்பதால், அங்குள்ள வாசகர்கள் இதைத் தரவுப் பயிற்சியாக மட்டும் கொள்ள வேண்டுகிறேன்.

முதல் படி, தரவு. பெட்ஃபேர் தன் பழைய சந்தைப் பதிவுகளை மூன்று நிலைகளில் தருகிறது. இலவசமான ‘பேசிக்’ நிலையில் நிமிடத்துக்கு ஒருமுறை கடைசியாகக் கைமாறிய விலை மட்டும் இருக்கும். கட்டணமுள்ள ‘அட்வான்ஸ்டு’ நிலையில் நொடிக்கு ஒருமுறை, இருபுறமும் சிறந்த மூன்று விலைகளும் கைமாறிய தொகையும் கிடைக்கும். அதற்கும் மேலான ‘புரோ’ நிலை தொடக்கத்தில் வீண்செலவு. கோப்புகளைப் படிக்கப் பைத்தான் நிரல்மொழியில் ‘பெட்ஃபேர்லைட்வெய்ட்’ நூலகத்தைப் பயன்படுத்துங்கள். கோப்பின் ஒவ்வொரு வரியும் முந்தைய நிலையிலிருந்து மாறியதை மட்டுமே சொல்லும்; ஒரு குதிரை ஒரு வரியில் இல்லையென்றால் அதன் விலை மாறவில்லை என்பதே பொருள். இதை நீங்களே நிரல் எழுதிச் சமாளிக்க முயன்றால் ஒரு வாரம் போய்விடும்.

இரண்டாம் படி, கடிகாரம். கோப்பிலுள்ள நேரம் யூடிசி எனும் உலகப் பொது நேரம் என்பதால் கோடைகாலத்தில் பிரிட்டிஷ் நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும். அதைவிட நுட்பமான பொறி ஒன்று உண்டு. ஓட்டங்கள் பெரும்பாலும் அறிவித்த நேரத்துக்குச் சற்றுத் தாமதமாகவே தொடங்குகின்றன. ‘தொடங்க இன்னும் இத்தனை விநாடி’ என்ற கணக்கை உண்மையில் தொடங்கிய நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால், அந்தக் கணத்தில் எவருக்கும் தெரிந்திராத தகவலை மாதிரிக்கு, அதாவது பழைய தரவிலிருந்து கற்றுக் கணிக்கும் நிரலுக்கு, ஊட்டிவிடுகிறோம். அறிவித்த நேரத்தையே அடிப்படையாகக் கொள்ளுங்கள்.

மூன்றாம் படி, சுத்தம் செய்தல். ஒரு குதிரை விலக்கிக்கொள்ளப்பட்டால் மற்ற எல்லாக் குதிரைகளின் விலையும் ஒரே தாவலில் இறங்கும். அது சந்தையின் கருத்து மாற்றம் அன்று. அத்தகைய ஓட்டங்களை முழுவதுமாக நீக்கிவிடுங்கள்.

நான்காம் படி, மாதிரி எதைக் கணிக்க வேண்டும் என்ற இலக்கு. இதில்தான் நான் பல வாரங்கள் சிக்கிக் கிடந்தேன். பேசிக் தரவை வைத்து நான் உருவாக்கிய முதல் மாதிரி, விலை ஏறினால் அடுத்து இறங்கும் என்றும், இறங்கினால் ஏறும் என்றும் வியக்கத்தக்க துல்லியத்தோடு சொன்னது. உண்மையில் அங்கே விலை நகரவே இல்லை. பேக் செய்ய வருபவருக்கு 4.0உம் லே செய்ய வருபவருக்கு 4.1உம் கிடைக்கும் சந்தையில், அடுத்தடுத்து வருபவர் எந்தப் பக்கத்தவர் என்பதைப் பொறுத்துக் கடைசியாகக் கைமாறிய விலை 4.0, 4.1, 4.0 என்று ஊஞ்சலாடும். என் மாதிரி அந்த ஊஞ்சலைக் கற்றுக்கொண்டு, 4.1இல் பேக் செய்து 4.0இல் லே செய்வதாகக் காகிதத்தில் லாபம் எழுதியது. உடனடியாகச் செய்ய முயன்றாலோ 4.0இல்தான் பேக் செய்யவும் 4.1இல்தான் லே செய்யவும் முடியும், அதாவது ஒவ்வொரு சுற்றிலும் நட்டம். ஒரு மாத அட்வான்ஸ்டு தரவை வாங்கி, இரு விலைகளுக்கும் நடுப்புள்ளியைக் கணக்கிட்டு, அதன் நகர்வையே இலக்காக வைத்ததும் அந்தத் துல்லியத்தின் பெரும்பகுதி கரைந்துபோனது. கரைந்தபின் எஞ்சியதுதான் ஆராயத் தகுந்தது.

நடுப்புள்ளியை நிகழ்தகவாக, அதாவது 1ஐ விலையால் வகுத்து, மாற்றிக்கொள்வதும் அவசியம். விலைப்படி, அதாவது விலை ஒரே தடவையில் நகரக்கூடிய மிகச் சிறிய அளவு, 2.0க்குக் கீழே 0.01ஆகவும், 4.0 முதல் 6.0 வரை 0.1ஆகவும், 10.0 முதல் 20.0 வரை 0.5ஆகவும் இருப்பதால் நேரடி விலை வேறுபாடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட இயலாது. இந்த நிகழ்தகவுகளின் கூட்டுத்தொகை எப்போதும் 1ஐ ஒட்டியே நிற்கும். ஆகவே முதல் விருப்பக் குதிரையின் விலை சுருங்கும்போது (இறங்கும்போது) மற்றவற்றில் சில விரிந்தே (ஏறியே) ஆகவேண்டும். விரிய வேண்டியது இன்னும் விரியாமல் நிற்கும் அந்தச் சில விநாடிகளே எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள குறிப்பு. இருபுறமும் காத்திருக்கும் தொகைகளை ஒப்பிடும் முறையைப் பலர் புகழ்கிறார்கள். பெரிய தொகையைக் காட்டிவிட்டுக் கடைசி நொடியில் விலக்கிக்கொள்பவர்கள் இருப்பதால் அதை நான் நம்புவதில்லை.

ஐந்தாம் படி, மாதிரி. இரண்டில் எது நடக்கும் என்பதற்கு நிகழ்தகவு தரும் எளிய புள்ளியியல் முறையான லாஜிஸ்டிக் ரிக்ரஷன் போதும். நரம்பியல் வலைப்பின்னல்கள் என் கையில் ஊஞ்சலை இன்னும் அழகாகக் கற்றுக்கொண்டதைத் தவிர வேறெதையும் செய்யவில்லை. பயிற்சிக்கும் சோதனைக்கும் தரவைக் கலைத்துப் பிரிக்காதீர்கள். ஒரே ஓட்டத்தின் குதிரைகள் கூட்டுத்தொகையால் பிணைக்கப்பட்டவை என்பதால், ஒன்று பயிற்சியிலும் மற்றொன்று சோதனையிலும் இருந்தால் விடை கசிந்துவிடும். தேதிவாரியாகப் பிரித்து, ‘விலை மாறாது’ என்ற எளிய கணிப்போடு ஒப்பிடுங்கள்.

பின்சேர்க்கை: காகிதத்தில் லாபம் காட்டும் தன் மாதிரி நேரடியாக ஏன் தோற்கிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நாம் கேட்கும் விலையில் வரிசையில் வைத்த பந்தயம், விலை அதைத் தொட்டவுடனே பொருந்திவிடும், அதாவது எதிர்ப்பக்கத்தவர் ஒருவர் அதை ஏற்றுவிடுவார், என்று அவருடைய நிரல் கருதியிருந்தது. சந்தையில் நமக்கு முன்னால் வந்தவர்களின் பணம் முதலில் தீரவேண்டும். நமக்குச் சாதகமாகத் திரும்பும் விலை பெரும்பாலும் நம் முறை வருவதற்குள் போய்விடும், பாதகமாகப் போவதோ தவறாமல் பொருந்தும். இப்போது என் சோதனை நிரல், நாம் கேட்ட விலையைத் தாண்டி இன்னும் ஒரு படி கைமாறினால் மட்டுமே பந்தயம் பொருந்தியதாக எண்ணுகிறது.