வீடியோ காலில் கஞ்சா கார்டு: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவின் பல மாநிலங்களில் மெடிக்கல் மரிஜுவானா கார்டு, அதாவது நோய்க்காகக் கஞ்சா வாங்க அனுமதிக்கும் அட்டை, வாங்க இப்போது வீட்டை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. டாக்டரோடு வீடியோவில் சில நிமிடப் பேச்சு, மாநில இணையதளத்தில் ஒரு விண்ணப்பம், கட்டணம், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில நிமிடங்களில் என்ன வாங்கினோம் என்பதே பலருக்குத் தெளிவாக இருப்பதில்லை.

டாக்டர் தருவது கார்டு இல்லை, மருந்துச் சீட்டும் இல்லை. ஃபெடரல் சட்டம், அதாவது மத்திய அரசின் சட்டம், இருக்கிற இருப்பில், கஞ்சாவைச் சாதாரண மருந்து மாதிரி சீட்டில் எழுதித் தர அவரால் முடியாது. ‘இவருக்கு இது பயன்படலாம்’ என்று பரிந்துரைக்க மட்டுமே முடியும். கார்டு தருவது அரசு. கலிஃபோர்னியாவில் அது கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) சுகாதாரத் துறையின் வேலை. அங்கே பரிந்துரைக் கடிதத்தோடு சேர்த்து, புகைப்படம் போட்ட பளபள அட்டை ஒன்றையும் சில ஆன்லைன் நிறுவனங்கள் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு அனுப்பும். கடையில் அதை நீட்டினால் விற்பனை வரி விலக்கு கிடைக்காது; கவுண்டி கார்டுக்குத்தான் அந்தச் சலுகை. டெக்சாஸில் இன்னும் வேடிக்கை. அங்கே கார்டு என்ற ஒன்றே கிடையாது. டாக்டர் மாநிலப் பதிவேட்டில் உங்கள் பெயரை ஏற்றுவார், விற்பனை நிலையம் அதைப் பார்த்துக் கொடுக்கும். ‘டெக்சாஸ் கார்டு, இன்றே உங்கள் கையில்’ என்று விளம்பரம் வந்தால் அது எதை விற்கிறது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எல்லா மாநிலமும் வீடியோ காலை ஒரே மாதிரி ஏற்பதில்லை. பென்சில்வேனியா 2021-இல் நேரில் வர வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஃபுளோரிடாவில் முதல் முறை டாக்டர் நேரில்தான் பார்க்க வேண்டும்; 2023 ஜூலைக்குப் பிறகு புதுப்பிக்க மட்டும் வீடியோ போதும். இதைப் பார்க்காமல் பணம் கட்டிவிட்டுத் திரும்ப வாங்க அலைகிறார்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடமும் முக்கியம். டாக்டரின் உரிமம் ஒரு மாநிலத்துக்கானது. பென்சில்வேனியா டாக்டரை நியூ ஜெர்சி ஹோட்டல் அறையிலிருந்து கூப்பிட்டால், ‘இப்போது எங்கே இருக்கிறீர்கள்?’ என்ற கேள்வியிலேயே கால் முடிந்துவிடும்.

நம்மவர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு, பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாமல் ஒற்றைப் பெயரோடு வந்தவர்களின் விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு’ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழும், சிலருக்கு டிரைவிங் லைசென்ஸிலும் அதுவே தொடரும். வீடியோ கால் நிறுவனத்தில் ‘செந்தில்குமார்’ என்று பதிந்துவிட்டு, லைசென்ஸில் ‘எஃப்.என்.யு செந்தில்குமார்’ என்று இருந்தால் மாநிலத் தளம் இருவரையும் வேறு வேறு ஆளாக எடுத்துக்கொள்ளும். அப்பா பெயர் முன்னே போனதா பின்னே போனதா, வீடு மாறிய பிறகு முகவரி மாற்றினோமா, எல்லாவற்றையும் லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பார்த்து அடியுங்கள்.

வீடியோ காலில் என்ன பேசுவது என்பதற்கு வருகிறேன். ‘என்ன சொன்னால் கிடைக்கும்?’ என்று விசாரித்துக்கொண்டு போவதுதான் எனக்குப் பிடிக்காத தவறு. எதிரில் இருப்பவருக்கு உங்கள் நாடியும் தெரியாது, பழைய ரிப்போர்ட்டும் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் உண்டு. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் கஞ்சாப் பொருள்களைச் சேர்த்தால் ரத்தம் உறையும் அளவு மாறி, ரத்தக்கசிவு வரை போகலாம். இதய நோய், குடும்பத்தில் மனச்சிதைவு, கர்ப்பம் இவையெல்லாம் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியவை. மாத்திரைப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். எதையுமே கேட்காமல் சரி என்று சொல்லும் டாக்டர் கிடைத்தால் சந்தோஷப்படாதீர்கள்.

இதுவரை சொன்ன தவறுகளைப் பெரும்பாலும் திருத்திக்கொள்ளலாம். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் செய்யும் ஒரு தவறு அப்படி இல்லை. குடியேற்றம் ஃபெடரல் சட்டத்தின் கையில் இருக்கிறது, மாநிலம் கொடுத்த அனுமதி அங்கே செல்லாது. மாநிலச் சட்டப்படி சரியாகவே நடந்திருந்தாலும், கஞ்சா தொடர்பான செயல்கள் குடியுரிமை விண்ணப்பத்தில் நன்னடத்தைக்குத் தடையாகலாம் என்று அமெரிக்கக் குடியுரிமை, குடியேற்றச் சேவைத் துறை 2019 ஏப்ரலில் எழுத்திலேயே வெளியிட்டது. தண்டனை பெற்றிருக்க வேண்டும் என்பதும் இல்லை. விமான நிலையத்தில் அதிகாரி கேட்டு நீங்கள் ஒப்புக்கொள்வதே வினையாகலாம். பொய் சொன்னால் அது தனி வினை. அதனால் ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவர் பதிவேட்டில் பெயரை ஏற்றும் முன் பேச வேண்டியது குடியேற்ற வக்கீலிடம். தூக்கம் வரவில்லை என்பதற்காக இந்த ஆபத்தை எடுப்பது என் கணக்கில் கட்டுப்படியாகாது. கீமோ வாந்தி என்றால் கதை வேறு; ஆனால் அதற்கும் ட்ரொனாபினால் என்ற மாத்திரை 1985 முதல் ஃபெடரல் அனுமதியோடு இருக்கிறது. புற்றுநோய் டாக்டரே சீட்டில் எழுதித் தரலாம், சாதாரண மருந்துக்கடையில் வாங்கலாம். முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள்.

வேலையிலும் இதே கதைதான். கார்டு இருக்கிறது என்பதற்காக எல்லா நிறுவனமும் போதைப்பொருள் பரிசோதனையில் விட்டுவிடாது. டிரக் ஓட்டுகிறவர்களுக்கு ஃபெடரல் போக்குவரத்து விதிப்படி இந்தக் கார்டு ஒரு காரணமே இல்லை.

அப்புறம், ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வரும் அம்மா. முட்டி வலி என்கிறார்களே, ஒரு கார்டு எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று மகனுக்குத் தோன்றும். பெரும்பாலான மாநிலங்களில் அங்கே குடியிருப்பவருக்குத்தான் கார்டு, விசிட்டர் விசாவில் வந்தவருக்கு இல்லை. சரி, நம் பங்கிலிருந்து ‘கம்மி’ எனப்படும் கஞ்சா மிட்டாயில் அரை கொடுப்போம் என்று நினைப்பது இன்னும் மோசம். கார்டு உங்களுக்கு மட்டும். அதோடு பெயர்தான் கம்மி, வேலை கம்மி இல்லை: சாப்பிட்டு ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் கழித்துத்தான் ஏறும். ஒன்றும் தெரியவில்லையே என்று அம்மா இன்னொன்றை எடுத்து வாயில் போட்டால் அன்றைய இரவு எமர்ஜென்சி வார்டில் கழியும்.

அம்மா ஊருக்குத் திரும்பும்போது அந்த டப்பா தப்பித்தவறியும் பெட்டிக்குள் போகக் கூடாது. சென்னை விமான நிலையத்தில் கேட்கப்போவது 1985-ஆம் வருட போதைப்பொருள் சட்டம். ஃபுளோரிடா கார்டையோ கலிஃபோர்னியா கடிதத்தையோ அதற்குத் தெரியாது.