காது மிஷின் வாங்கும் முன்: ஆடியோகிராமும் விரல்களும்

காது கேட்கும் கருவி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "வெளியே தெரியாத மாடல் இருக்கிறதா?" என்பதுதான். கேட்பதில் தவறில்லை. ஆனால் எந்த வகை பொருந்தும் என்பதை ஆடியோகிராமும் (கேட்கும் திறனைச் சோதித்து வரையும் வரைபடம்), காதின் நிலையும், அன்றாடம் அதைக் கையாளப்போகும் விரல்களுமே முடிவு செய்ய வேண்டும்; கூச்சத்துக்கு அந்த வரிசையில் கடைசி இடம் போதும்.

கடைக்குப் போகும் முன் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அடைத்துக்கொண்ட குறும்பி, செவிப்பறைக்குப் பின்னால் தேங்கிய நீர், செவிப்பறையில் விழுந்த ஓட்டை ஆகியவற்றாலும் காது மந்தமாகும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஒரு காது திடீரெனக் கேட்காமல் போனால் அது அவசரம். ஓரிரு நாளுக்குள் மருத்துவமனையில் இருக்க வேண்டிய விஷயம், கருவி தேடிக் கொண்டிருக்கும் நேரமல்ல.

அடுத்தது ஆடியோகிராம். அந்தத் தாளில் வலக் காதைச் சிவப்பு வட்டங்களாலும் இடக் காதை நீலப் பெருக்கல் குறிகளாலும் குறித்திருப்பார்கள். இடமிருந்து வலமாக 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒலியின் சுருதி உயரும். கீழே இறங்க இறங்கக் குறைபாடு கூடுகிறது என்று பொருள். முதுமையில் வரும் குறைபாட்டில் கோடு இடப்புறம் ஓரளவு மேலேயே நின்று வலப்புறம் சரியும். உயிரொலிகளின் வலு தாழ்ந்த சுருதியிலும், மெய்யொலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுட்பம் பெரும்பாலும் உயர்ந்த சுருதியிலும் இருப்பதால், இத்தகையவர்களுக்குக் கடை, சடை, தடை, படை எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே விழும். "பேசுவது கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்றுதான் புரியவில்லை" என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

இப்படிச் சரியும் கோட்டுக்கு, கருவி காதின் பின்புறமும் சிறிய ஒலிபெருக்கி மட்டும் மெல்லிய கம்பி வழியே காதுக்குள்ளும் இருக்கும் ஆர்.ஐ.சி. வகை பெரும்பாலும் பொருந்தும். துளையுள்ள ரப்பர் நுனியுடன் போடும்போது காது முழுதும் அடைபடாது. சொந்தக் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்காது. குறைபாடு 70, 80 டெசிபலைத் (ஒலி அளவின் அலகு) தாண்டினால், ஒலிபெருக்கியும் சேர்ந்து காதின் பின்புறமே இருக்கும், காதின் அச்சு எடுத்துச் செய்த மோல்டுடன் கூடிய பி.டி.இ. வகையே நம்பகமானது. காது சரியாக அடைபடாவிட்டால், பெருக்கிய ஒலி வெளியே கசிந்து மீண்டும் மைக்கில் புகுந்து கீச்சென்று விசில் அடிக்கும். குழந்தைகளுக்கும் இதுவே நல்லது. காது வளர வளர மோல்டை மட்டும் மாற்றினால் போதும். சீழ் வடியும் காதை மோல்டால் அடைக்கக் கூடாது. சிகிச்சைக்குப் பிறகும் வடிதல் நிற்காதவர்களுக்கு, எலும்பின் வழியே ஒலியைக் கடத்தும் கருவி உண்டு.

காதுக்குள் முழுதும் மறைந்துவிடும் சி.ஐ.சி. வகையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். என் பெரியப்பா அதைத்தான் ஆசைப்பட்டு வாங்கினார். மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய அதன் 10-ஆம் எண் செல், துவரம்பருப்பைவிடச் சற்றே பெரியது. வாரத்துக்கு ஒரு தடவையாவது மாற்ற வேண்டும். சர்க்கரை நோயால் விரல் நுனி மரத்துப் போயிருந்த அவர், கட்டிலில் துண்டை விரித்து, அதன்மேல் செல்லைத் தவறவிட்டுத் தவறவிட்டுப் பொறுக்குவார். மூன்றாம் மாதம் கருவி பீரோவுக்குள் போய்விட்டது. ஆகவே வாங்கும் இடத்திலேயே, போடப்போகிறவர் தாமே செல்லைக் கழற்றி மாட்டி, கருவியைக் காதில் வைத்து எடுத்துக் காட்டட்டும். உடன் வந்த மகனோ மகளோ கை வைக்கக் கூடாது. முடியவில்லையென்றால், பெரிய செல் போடும் வகையோ, பெட்டியில் வைத்தாலே சார்ஜ் ஏறும் வகையோ பாருங்கள். குறும்பி அதிகம் சேரும் காதுக்கும் சி.ஐ.சி. தொல்லைதான்.

எத்தனை சேனல் (சுருதிவாரியாக ஒலியைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் பிரிவு) என்று விற்பனையாளர் அடுக்குவதைவிட, கருவியை யார் சரிசெய்து தருகிறார் என்பது முக்கியம். இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்ட் (கேட்புத்திறன் நிபுணர்) உங்கள் ஆடியோகிராமுக்கு ஏற்ப அதை புரோகிராம் செய்ய வேண்டும். முதல் சில மாதங்களில் இரண்டு மூன்று முறை திருத்தமும் தேவைப்படும். அந்த வருகைகள் விலையில் அடங்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். டிரயலை அமைதியான அறையோடு முடிக்காமல், மின்விசிறி ஓடும் கூடத்திலும், தெருவோரத்திலும், தொலைபேசியிலும் பேசிப் பாருங்கள். இரு காதும் மந்தமென்றால் இரண்டு கருவிகள் போடுவதே சரி; ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

பணம் தடையாக இருந்தால், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்திலும் தமிழக மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியாகவும் உதவி கிடைக்கும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரு காதுகளிலும் 60 டெசிபல் குறைபாட்டிலிருந்து மாற்றுத்திறனாகக் கணக்கில் கொள்கிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லாதவர்கள் மாவட்ட அலுவலகத்தில் முதலில் அதற்கு விண்ணப்பிக்கலாம்.

வாங்கும்போதே சிலிக்கா ஜெல் போட்ட மூடிக் குப்பி ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். வியர்வையும் கடலோரக் காற்றின் ஈரமும் கருவியைக் கெடுக்கும் என்பதால், இரவில் செல் கதவைத் திறந்து அதற்குள் வைத்துவிட வேண்டும். சார்ஜ் ஏறாத சாதாரணச் செல் காற்றை உள்வாங்கித்தான் வேலை செய்யும்; ஸ்டிக்கரை உரித்தபின் சில நிமிடங்கள் வெளியே வைத்திருந்து, பிறகு கருவியில் போடுங்கள்.