கால் வீக்கம், முக உப்பல்: உடம்பில் சேர்ந்த நீரை இயற்கையாகக் குறைக்கும் வழிகள்

சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலைச் சுற்றி ஆழமாகத் தடம், காலையில் தாராளமாக இருந்த செருப்பு இப்போது பிடிக்கிறது, மோதிரம் கழற்ற வரவில்லை. இப்படி இருந்தால் உடம்பில் நீர் கோத்திருக்க வாய்ப்பு அதிகம். உறுதி செய்துகொள்ள ஒரு எளிய சோதனை இருக்கிறது. கணுக்காலுக்கு நாலு விரல் மேலே, முன்பக்க எலும்பின் மேல் கட்டைவிரலால் நன்றாக அழுத்தி, நிதானமாகப் பத்து வரை எண்ணிவிட்டு விரலை எடுங்கள். அந்த இடத்தில் குழி விழுந்து மெல்ல மெல்ல மேலே எழும்பினால் அது நீர்தான். குழியே விழாமல் கெட்டியாக வீங்கியிருந்தால் தைராய்டு, நிணநீர்க் குழாய்க் கோளாறு என்று காரணம் வேறாக இருக்கலாம், பரிசோதனை செய்துதான் பார்க்க வேண்டும்.

வீட்டு வழிகளுக்குப் போகும் முன் இதைத் தயவுசெய்து படித்துவிடுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரண்டு மூன்று தலையணை வைத்தால்தான் தூக்கம் வருகிறது என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும். காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், சிறுநீரில் அடங்காத நுரை என்றால் சிறுநீரகத்தை. கர்ப்பமாக இருப்பவர்களுக்குத் திடீரென முகமும் கையும் வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ சேர்ந்தால் அது அவசரம். இதில் எது இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். நீங்கள் சாப்பிடும் மாத்திரையையும் ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அம்லோடிபின், வலிக்கு எடுக்கும் இபுப்ரோஃபன், ஸ்டீராய்டு எல்லாமே கால் வீக்கத்தைக் கொண்டுவரக் கூடியவை. டாக்டரிடம் சொன்னால் மாற்று மருந்து கிடைக்கலாம், நீங்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

சரி, இப்போது உப்பு. உப்பில் இருக்கும் சோடியம் எங்கே தங்குகிறதோ அங்கே நீரும் தங்கும், சோடியம் வெளியேறினால்தான் நீரும் வெளியேறும், அதனால் உப்பைக் குறைக்காமல் மற்ற எதைச் செய்தாலும் பலன் அரைகுறைதான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாக உப்பு போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பலரும் சமையலில் ஒரு சிட்டிகையைக் குறைத்துவிட்டுத் திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள், ஆனால் பாக்கெட் உணவுகளில் ஒளிந்திருக்கும் உப்பு கணக்கிலேயே வருவதில்லை. சிப்ஸ் உப்பு கரிக்கும், அதனால் தெரிந்துவிடும். பிரெட், சீஸ், சாஸ், சூப் பவுடர், உடனடி நூடுல்ஸ் இதிலெல்லாம் நாக்குக்குத் தெரியாமலே உள்ளே போகிறது. பாக்கெட்டின் பின்னால் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று பார்த்து அதை 2.5 ஆல் பெருக்குங்கள், அதுதான் உப்பின் அளவு. 800 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தால் 2 கிராம் உப்பு, கிட்டத்தட்ட அரை நாள் கணக்கு ஒரே கிண்ணத்தில் முடிந்துவிட்டது. அந்த அளவு முழு பாக்கெட்டுக்கா, 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா என்பதையும் பாருங்கள். உப்பைக் குறைத்த புதிதில் சாப்பாடு சப்பென்று இருக்கும், சில வாரங்களில் நாக்கு பழகிவிடும், அதுவரை எலுமிச்சை, பூண்டு, மிளகு கைகொடுக்கும்.

பொட்டாசியம் இதற்கு எதிர்ப்பக்கம் வேலை செய்யும், சிறுநீரகம் சோடியத்தை வெளியே தள்ள உதவும். வாழைப்பழம், உருளைக்கிழங்கு, கீரை, பருப்பு, பயறு, தக்காளி என்று சாப்பாட்டிலேயே நிறைய இருக்கிறது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைக் கூட்டக் கூடாது. குறிப்பாகக் கடையில் 'குறைந்த சோடியம் உப்பு' என்று வருவதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும், அவர்களுக்கு அது இதயத் துடிப்பையே பாதிக்கலாம்.

தண்ணீரைக் குறைத்தால் வீக்கம் குறையும் என்று நினைத்துத் தாகத்தோடு இருப்பவர்கள் உண்டு. ஆரோக்கியமானவர்களுக்கு அது தேவையில்லை, உடம்பில் நீர் குறைந்தால் சிறுநீரகம் இருப்பதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தாகத்துக்குக் குடியுங்கள், சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். அதற்காக லிட்டர் கணக்கில் ஊற்றிக்கொள்ளவும் வேண்டாம். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு டாக்டர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுதான். மூலிகை டீ பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். பெரும்பாலானவற்றுக்கு வலுவான ஆதாரம் இல்லை, என் கருத்தில் அந்தக் காசுக்குக் காய்கறி வாங்கலாம். அதிமதுரம் சேர்ந்திருந்தால் இன்னும் கவனம்: அது உடம்பில் சோடியத்தைத் தேக்கி ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், வீக்கம் குறைய என்று குடித்தால் கூடத்தான் செய்யும். அடுத்தவருக்கு எழுதிக் கொடுத்த நீர் மாத்திரையை வாங்கிப் போடுவதும் கூடவே கூடாது.

அடுத்தது கால். காலில் இறங்கிய ரத்தம் புவியீர்ப்பை எதிர்த்து மேலே ஏற வேண்டும், அதற்குக் கெண்டைக்கால் தசை பம்பு மாதிரி வேலை செய்கிறது. நடக்கும்போது தசை சுருங்கி ரத்தக்குழாயைப் பிழியும், உள்ளே இருக்கும் வால்வுகள் ரத்தம் திரும்பக் கீழே விழாமல் தடுக்கும். மணிக்கணக்கில் உட்கார்ந்தாலோ ஒரே இடத்தில் நின்றாலோ இந்த வேலை நின்றுபோய், நீர் கசிந்து கணுக்காலில் தேங்கும். மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள். எழ முடியாத இடமென்றால், பஸ்ஸோ விமானமோ, உட்கார்ந்தபடியே முன்பாதத்தை ஊன்றி குதிகாலைத் தூக்குங்கள், பிறகு குதிகாலை ஊன்றி விரல்களை மேலே இழுங்கள், இருபது முப்பது தடவை, கெண்டைக்காலில் லேசான சூடு தெரியும்வரை.

காலைத் தூக்கி வைப்பதில் பலரும் ஸ்டூலில் நீட்டி உட்காருவதோடு விட்டுவிடுகிறார்கள். பாதம் இதயத்தை விட உயரத்தில் இருந்தால்தான் முழுப் பலன், அதனால் படுத்துக்கொண்டு, முழங்காலுக்குக் கீழேயும் தாங்கல் கிடைக்கிற மாதிரி தலையணைகளை அடுக்கி, 15 முதல் 30 நிமிடம் இருங்கள். மாலையிலேயே இதைச் செய்துவிட்டால் இன்னொரு லாபம் உண்டு. பகலில் காலில் தேங்கிய நீர் ராத்திரி படுத்த பிறகுதான் ரத்தத்துக்குத் திரும்பும், அதனால்தான் கால் வீக்கம் உள்ளவர்கள் ராத்திரி அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுகிறார்கள். முன்கூட்டியே தூக்கி வைத்தால் அந்த நீர் படுக்கும் முன்பே வெளியேறிவிடும்.

அழுத்தம் தரும் சாக்ஸ் நல்ல உதவி, ஆனால் காலையில் எழுந்ததும், வீக்கம் ஏறும் முன் போட வேண்டும். காலுக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைவாக உள்ளவர்கள், சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் கேட்காமல் போடாதீர்கள். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் வரும் உப்பல் ஹார்மோனால் வருவது, உதிரப்போக்கு தொடங்கிய சில நாட்களில் தானாக வடியும், அந்த வாரம் உப்பில் மட்டும் கூடுதல் கவனம் போதும்.

எடை பார்க்கும் பழக்கம் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். உடம்பு மாவுச்சத்தை கிளைக்கோஜனாகச் சேமிக்கும்போது ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் நீரையும் சேர்த்தே வைக்கிறது. டயட் ஆரம்பித்த முதல் வாரம் சடசடவென்று குறையும் எடையில் பெரும்பகுதி இந்த நீர்தான், ஒரு நாள் சோறும் இனிப்பும் கூடுதலாகச் சாப்பிட்டால் திரும்பி வரும், பயப்பட ஒன்றுமில்லை. வீக்கம் உண்மையிலேயே குறைகிறதா என்று தெரிய, தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன் எடை பாருங்கள், மாலையில் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் கணுக்காலை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். இதய நோய் உள்ளவர்களுக்கு ஒரே நாளில் 1 கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் 2 கிலோவுக்கு மேலோ ஏறினால், கால் பார்க்கச் சாதாரணமாக இருந்தாலும் டாக்டருக்கு போன் செய்துவிடுங்கள்.